இசை ஆக்கும் எந்திரத்தை முன்னறிந்த ஏடா அம்மையார்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி பட்டுக்குப் பேர்போன ஊர் என்பதை நம் கல்லூரி நேயர்கள் யாவரும் அறிவர். அவ்வூர் நெசவுத் தெருக்களிற் காலைப்போதில் நடந்து செல்வோர் செவியில், வீட்டுக்கு வீடு தறியின் ஓசை தாளந் தவறாது வந்து விழும். உள்ளே புகுந்து நோக்கின், தறியின் தலைமேல் ஒரு பெட்டியும், அதனின்று மாலைபோல் தொங்கும் துளையிட்ட அட்டைகளும் காணலாம். ஜக்கார்டு பெட்டி என்று நெசவாளர் அதனைக் கூறுவர். மிதியை அழுத்துந்தோறும் ஓர் அட்டை புரண்டு முன்வரும். அட்டையில் துளையுள்ள இடத்தே கம்பி உள்நுழைய, அதற்குரிய பாவு இழை மேலெழும். துளையில்லாத இடத்தே இழை எழாது தங்கும். எழுந்த இழைக்கும் தங்கிய இழைக்கும் நடுவே நாடா ஓடி ஊடையை இட்டுச் செல்லும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டையாக அட்டைகள் பல முறையே புரண்ட பின்னரே, ஒரு மயிலோ மாங்காயோ அன்னமோ முந்தியில் முழுவுருவம் பெறும். நெசவாளர் மயிலை எழுதுவதில்லை. மயில் முன்னரே துளைகளாய் அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றது.

இப்பெட்டியைப் பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்தவர் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர். அவர் தந்தையாரும் நெசவாளரே. இவ்வட்டைகளின் பொருளை நன்குணர்ந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி, எந்திரமானது எண்களைக் கணிப்பதோடு அமையாது இசையையும் ஆக்கக்கூடும் என்று 1843-ஆம் ஆண்டிலேயே அச்சில் எழுதினார். அந்நாளில் மின்சார விளக்கும் இல்லை. ஒலியைப் பதிவு செய்யுங் கருவியும் இல்லை. இற்றைநாளில் கணினியால் இசை ஆக்குவதும், அங்ஙனம் ஆக்கியதைக் காத்து ஆராய்வதும் தனியொரு கல்வித்துறையாய் வளர்ந்துள்ளன. அத்துறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் கூறவேண்டிய லவ்லேஸ் சீமாட்டியாராகிய ஏடா அம்மையாரின் சரிதத்தை ஈண்டு சுருங்க உரைப்பாம்.

ஏடா அம்மையார் 1815-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் உலகறிந்த கவியாகிய பைரன் பிரபு. தாயார் அன்னபெல்லா அம்மையார். குழந்தை பிறந்து ஏறக்குறைய ஐந்து வாரத்தில் கணவன் மனைவியரிடையே மனவேற்றுமை முற்றித் தாயார் குழந்தையோடு பிறந்தகம் சேர்ந்தார். பைரன் பிரபு 1816-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தை விட்டகன்றார். மீண்டும் தாய்நாட்டில் உயிரோடு அடிவைத்திலர். கிரேக்க நாட்டில் 1824-ஆம் ஆண்டில் அவர் உயிர்நீத்தபொழுது மகளுக்கு எட்டு வயது. தந்தையின் முகத்தை அவள் நினைவறியக் கண்டதே இல்லை.

தாயார் கணிதத்தில் மிக்க பற்றுடையவர். தந்தையின் கட்டற்ற கவியுள்ளம் மகளுக்கும் வந்துவிடுமோ என்ற அச்சம் அவரை விடாது வருத்திற்று. ஆதலால் அக்காலத்துப் பெண்மக்களுக்கு வழங்காத கணிதமும் விஞ்ஞானமும் ஏடாவுக்கு இளமை தொட்டே கற்பிக்கப்பட்டன. கற்பனைக்கு மருந்தாகக் கணிதத்தை ஊட்டினார் என்றே சொல்லலாம். ஆனால் அம்மருந்து நோயைப் போக்கவில்லை. இரண்டும் ஒன்றாய்க் கலந்தன. பன்னிரண்டாம் வயதில் அச்சிறுமி பறவைகளின் சிறகமைப்பை அளந்து ஆராய்ந்து, மனிதர் பறத்தற்கு ஒரு பொறி அமைக்க எண்ணி, அதனை நீராவியால் இயக்கவுந் திட்டமிட்டாள். 1829-இல் மணல்வாரி அம்மை கண்டு கால்கள் செயலிழந்தன. நெடுநாள் படுக்கையிலும் பின்னர் ஊன்றுகோலிலும் காலங் கழிந்தது. படிப்பு மட்டும் நிற்கவில்லை.

1833-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பதினேழு வயதில், ஒரு விருந்தில் சார்ல்ஸ் பாபேஜ் என்னும் கணித மேதையாரை ஏடா சந்தித்தார். சில நாட்களுக்குள் தாயாரோடு அவர் இல்லஞ் சென்று, அங்கிருந்த வேறுபாட்டு எந்திரத்தின் ஒரு பகுதியைக் கண்டார். பித்தளைச் சக்கரங்களை அடுக்கி அமைத்த அப்பொறி, கைப்பிடியைச் சுழற்றக் கணித அட்டவணைகளைப் பிழையின்றி வரிசையாய்த் தந்தது. விருந்தினர் பலர் அதனை வேடிக்கைப் பொருளாகவே நோக்கினர். அப்பெண்ணோ அதன் இயக்கத்தை உணர்ந்து நோக்கினாள். அன்று தொடங்கிய நட்பு அவர் இறக்குமளவும் நீடித்தது.

மறு ஆண்டில், அதாவது 1834-இல், தாயும் மகளும் இங்கிலாந்தின் தொழில் நகரங்களைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டனர். கவென்டிரி நகரிலே நாடா நெய்யும் ஆலையில் ஜக்கார்டு தறிகள் ஓடின. தாயார் துளையட்டை ஒன்றின் உருவத்தைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார். பாபேஜ் தம் புதிய எந்திரத்தில் இவ்வட்டைகளையே பயன்படுத்துவதென்று முடிவு செய்தது இதற்கு ஈராண்டு பிந்தியே, 1836-இல் ஆகும். எனவே ஆசிரியர் எந்திரத்தில் அட்டையைக் கொணருமுன் மாணவியார் தறியில் அட்டையைக் கண்டுவிட்டார். ஆரணி மாணவர்க்கு இச்செய்தி இனிப்பாயிருக்கும்.

நிற்க. 1835-ஆம் ஆண்டில் வில்லியம் கிங் என்ற பிரபுவை ஏடா மணந்தார். கணவர் 1838-இல் லவ்லேஸ் பிரபு என்னும் பட்டம் எய்தவே, இவரும் லவ்லேஸ் சீமாட்டியார் ஆயினார். மக்கள் மூவர் பிறந்தனர். இல்லற வாழ்க்கையினிடையே இவர் உள்ளத்தை ஈர்த்தவை இரண்டு: ஒன்று இசை, மற்றொன்று கணிதம். யாழினத்தைச் சேர்ந்த ஹார்ப் என்னும் நரம்புக் கருவியை நாள்தோறும் பல மணி நேரம் பயின்றார், பியானோவும் வாசித்தார், வாய்ப்பாட்டும் உண்டு. இசையையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமோ என்று ஒருகாலத்தில் எண்ணியதும் உண்டு. இதனை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்க. எந்திரம் இசையை ஆக்கும் என்று எழுதியவர் இசையறியாத கணிதர் அல்லர். விரல் நோவ நரம்பு தடவியவர்.

கணிதத்தில் இவருக்கு 1840 முதல் ஆசிரியராய் அமைந்தவர் ஆகஸ்டஸ் டி மார்கன். தருக்கவியல் பயிலும் மாணவர்க்கு டி மார்கன் விதிகள் நன்கு தெரியும். ஆனால் அவ்வறிஞர் நம் மதுரை மாநகரில் 1806-ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது பலர்க்குந் தெரியாது. அவர் தந்தையார் கிழக்கிந்தியக் கும்பெனியின் சேனையில் அலுவல் பார்த்தவர். பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணின் பார்வை போயிற்று. குழந்தைப் பருவத்திலேயே சீமைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்பெரியார் கடித வாயிலாகவே ஏடா அம்மையாருக்கு நுண்கணிதங் கற்பித்தார். விதியொன்றை அப்படியே ஏற்றுக்கொள்ளாது அதன் அடிப்படை யாதென வினவுவது இம்மாணவியாரின் இயல்பு. கேம்பிரிட்ஜுக்குச் செல்லும் ஓர் இளைஞனிடம் இத்தகைய ஆற்றலைக் கண்டிருந்தால், அவன் சொந்தமாய் ஆராயவல்ல கணித அறிஞனாவான் என்று துணிந்து கூறியிருப்பேன் என்னும் கருத்துப்பட டி மார்கன் அவர் தாயாருக்கு எழுதினார். அவ்வளவு கடும் உழைப்பைப் பெண்ணின் உடல் தாங்குமோ என்ற ஐயத்தையும் உடன் எழுதினார். அக்காலத்து அறிஞர்க்கும் அக்காலத்து மயக்கம் இருந்தது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். பாபேஜ் வேறுபாட்டு எந்திரத்தை முடிக்குமுன்னரே அதனினும் பெரிய பகுப்பாய்வு எந்திரத்தை மனத்தில் அமைத்துவிட்டார். அது கட்டளைப்படி எக்கணக்கையும் செய்யவல்லது. எண்களை வைத்திருக்கப் பண்டசாலை போன்றதொரு பகுதி. அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் ஆலை போன்றதொரு பகுதி. இன்னது செய்க என ஏவுவதற்கு ஜக்கார்டு அட்டைகள். இன்றைய கணினியின் உறுப்புகள் யாவும் அதிற் கருவாய் இருந்தன. 1840-இல் அவர் இத்தாலியிலுள்ள டூரின் நகரத்து அறிஞர்க்கு இதனை விளக்கினார். கேட்டிருந்த மெனபிரியா என்னும் இளம் பொறியாளர் 1842-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏடா அம்மையார் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இவ்வளவு அறிந்த தாங்களே ஏன் ஒரு கட்டுரை எழுதலாகாது என்று பாபேஜ் வினவவே, மொழிபெயர்ப்புக்கு ஏழு குறிப்புகளை எழுதிச் சேர்க்கத் தொடங்கினார். குறிப்புகள் மூலக்கட்டுரையினும் ஏறக்குறைய மும்மடங்கு வளர்ந்தன.

1843-ஆம் ஆண்டின் கோடை முழுதும் இவ்வுழைப்பிற் கழிந்தது. இருவர்க்குமிடையே கடிதங்கள் இடையறாது பறந்தன. உடல்நலங் குன்றியிருந்தும் அம்மையார் விட்டாரில்லர். கடைசிக் குறிப்பில் பெர்னூலி எண்கள் எனப்படும் அரிய எண்வரிசையை எந்திரம் எவ்வாறு படிப்படியாய்க் கணிக்கும் என்பதைப் பெரியதோர் அட்டவணையாக வகுத்தார். அவர் எழுதுகோலால் எழுதிய எண்களின்மேல் கணவராகிய பிரபு மையிட்டு எழுதி உதவினார். அரசாங்கத்தைக் குறைகூறுந் தம் முகவுரை ஒன்றைப் பெயரிடாது உடன் சேர்க்க பாபேஜ் விரும்பியபோது, அம்மையார் உறுதியாய் மறுத்துவிட்டார். அவ்வாண்டிலேயே கட்டுரை அச்சேறிற்று. ஆசிரியர் பெயரிருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரின் மூன்று முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன.

முதற்குறிப்பிலேதான் இசையைப்பற்றிய பகுதி வருகின்றது. ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல இவ்வெந்திரம் இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்று உவமை கூறிய அம்மையார், அவ்வளவில் நில்லாது மேலுஞ் சென்றார். எண் என்பது ஒரு குறியே. தம்முள் திட்டமான தொடர்புடைய எப்பொருள்களையும் குறியாக்கி எந்திரத்துக்குத் தரலாம். சுருதி பெற்ற ஒலிகளிடையே உள்ள தொடர்புகளை அங்ஙனம் வகுத்துக்கொடுக்கக் கூடுமாயின், எவ்வளவு நீண்டதும் சிக்கலானதுமான இசையையும் அது முறைப்படி ஆக்கலாம் என்பது அவர் கருத்து. கூடுமாயின் என்னும் நிபந்தனையை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நம் சங்கீதத்தைக்கொண்டு இதனை விளக்கலாம். ஏழு சுரங்களையும் பன்னிரண்டு தானங்களையும் வைத்து எழுபத்திரண்டு மேளங்களை வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டில் வகுத்தார். அவற்றுள் ஒன்றின் பெயரைச் சொன்னால் எண் தெரியும். மேசகல்யாணி என்பதில் மே என்னும் எழுத்து 5; ச என்னும் எழுத்து 6; தலைமாற்றிப் படிக்க 65-ஆவது மேளம். மிருதங்கத்திலும் கணக்கிட்டு முடிக்கும் ஒரு தொகுதிக்குக் கோர்வை என்று பெயர். பட்டுத் தறியிலும் கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் முறைக்குக் கோர்வை என்றே பெயர். இவையெல்லாம் அட்டையில் துளையிடத் தக்கவையே. ஆனால் தோடியின் காந்தாரம் அசைந்து நிற்கும் அசைவை எத்தனை துளைகளால் எழுதுவது? அது முடியாதென்று யான் கூறவில்லை. எழுதக்கூடிய அளவே எந்திரம் பாடும் என்பது அம்மையாரின் நிபந்தனையில் அடங்கியிருக்கின்றது. எந்திரம் தானாக எதையும் புதிதாய்த் தோற்றுவிக்காது, நாம் ஏவத் தெரிந்ததையே செய்யும் என்று வேறொரு குறிப்பில் அவரே வரம்பு கட்டியிருக்கின்றார். அலன் டூரிங் 1950-இல் எந்திரத்தின் சிந்தனையைப்பற்றி எழுதியபோது, இவ்வரம்பை லவ்லேஸ் சீமாட்டியாரின் தடை என்றே பெயரிட்டு விடையிறுக்க முயன்றார். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

இவரே உலகின் முதல் கணினிக் கட்டளையாசிரியர் என்று பலர் புகழ்கின்றனர். அப்புகழில் எவ்வளவு இவருக்குரியது என்பதுபற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பாபேஜ் அதற்கு முன்னரே சில கணக்குகளுக்குக் கட்டளைகள் எழுதியிருந்தார். பெர்னூலி எண்களுக்குரிய இயற்கணிதத்தைத் தாமே செய்து கொடுத்ததாகவும், அதில் தாம் செய்த பெரும்பிழை ஒன்றை அம்மையார் கண்டு திருப்பியனுப்பியதாகவும் பிற்காலத்தில் எழுதினார். ஆகவே அப்பட்டத்தைப்பற்றி யான் வாதிக்கப் புகவில்லை. இசைக்கருத்தோ வேறு. பாபேஜின் நோக்கம் எண்களிலேயே நின்றது. அன்றியும், தெருவில் பெட்டிவாத்தியஞ் சுழற்றுவோரின் ஓசையைப் பொறாது அவர்கள்மேல் ஓயாது வழக்காடியவர் அப்பெரியார். அத்தகையவர் தம் அருமை எந்திரம் பாட்டிசைக்கும் என்று கனவு கண்டிருப்பார் என எண்ணுவது அரிது.

இதன்பின் அம்மையாரின் வாழ்வு இறங்குமுகமாயிற்று. பெருநூல் ஒன்றும் எழுதிற்றிலர். இசை கேட்கும்போது நரம்பிலும் மூளையிலும் நிகழ்வதைக் கணிதத்தால் ஆராய விரும்பினார். அது விருப்பமாகவே நின்றது. குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டுப் பெருங்கடன் பட்டார். குடும்பத்து வைரநகைகள் அடகு போயின. தாயார் மீட்டுக் கொடுத்தார். இதனை மறைத்தெழுதுவது சரிதமாகாது. புற்றுநோய் பற்றிப் பல மாதம் கொடுந்துன்பம் அனுபவித்து, 1852-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி காலமானார். வயது 36. தந்தையாரும் அதே வயதில் இறந்தவரே. தம் விருப்பப்படி, முகமறியாத அத்தந்தையின் அருகே ஹக்னல் என்னும் ஊர்க் கோயிலில் அடக்கஞ் செய்யப்பட்டார். மகள் ஆன் அம்மையாரிடம் தாயின் இசைப்பற்று வந்தது. உலகப் புகழ்பெற்ற ஸ்ட்ராடிவாரி வயலின் ஒன்று அவரிடம் முப்பது ஆண்டுகள் இருந்தமையால், அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பாபேஜின் பெரிய எந்திரம் அவர் வாழ்நாளில் உருப்பெறவில்லை. ஆதலால் ஏடா அம்மையாரின் எழுத்து, இல்லாத எந்திரத்தைப்பற்றிய எழுத்தாய் மறக்கப்படக் கிடந்தது. அதனைக் காத்தவர் பாபேஜின் மகன் ஹென்றி. வங்காளச் சேனையில் அலுவல் பார்த்துத் தாயகம் திரும்பிய அவர், தந்தையின் எந்திரங்களைப்பற்றிய கட்டுரைகளைத் திரட்டி 1889-இல் ஒரு நூலாக அச்சிட்டபோது, அம்மையாரின் மொழிபெயர்ப்பையும் குறிப்புகளையும் முழுதுஞ் சேர்த்தார். 1953-இல் கணினிபற்றிய ஆங்கில நூலொன்றில் அவை மீண்டும் பதிப்பிக்கப்பட்டன. அதற்குள் எந்திரம் பாடத் தொடங்கிவிட்டது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக் கணினியில் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. கணக்கின் நிலையை ஓசையால் அறிவிப்பதே அதன் வேலை. அவ்வோசையைச் சுரமாக்கும் வழியை டூரிங் எழுதிவைக்க, கிறிஸ்டபர் ஸ்டிரேச்சி என்னும் பள்ளியாசிரியர் 1951-இல் இங்கிலாந்தின் தேசிய கீதத்தை அதில் இசைக்கச் செய்தார். அவ்வாண்டிலேயே வானொலியார் வந்து மூன்று மெட்டுகளைத் தட்டிற் பதிவு செய்தனர். பதிவின் நடுவே எந்திரம் நின்றுவிட, சூழ இருந்தோர் நகைத்ததும் தட்டில் இருக்கின்றது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் கணினி அதற்குச் சற்று முன்னரே பாடியது. அதனைப் பதிவு செய்தாரில்லை. மான்செஸ்டர்த் தட்டை 2016-இல் நியூசிலாந்து அறிஞர் இருவர் ஆராய்ந்து, பதிவுக் கருவியின் வேகக் கோளாற்றால் சுருதி பிறழ்ந்திருப்பதைக் கண்டனர். அவ்வெந்திரம் எந்தெந்த அதிர்வெண்களை எழுப்பக்கூடும் என்பதைக் கணக்கிட்டு, தட்டில் உள்ளதோடு ஒப்பிட்டு, பழைய சுருதியை மீட்டனர். எனினும் இவையெல்லாம் முன்னரே உள்ள மெட்டுகள். அம்மையார் கூறியது ஆக்கத்தைப்பற்றி. அது 1957-இல் நிறைவேறியது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லர், ஐசக்சன் என்னும் இருவர் இசையிலக்கண விதிகளை எண்ணாக்கிக் கொடுக்க, கணினி நான்கு நரம்புக் கருவிகளுக்குரிய இசையொன்றை ஆக்கித் தந்தது.

நம் நாட்டிலும் இவ்வகை முயற்சி நிகழ்ந்தது. அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டூடர் வந்து, மூக் என்னும் மின்னணு இசைக்கருவியை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் முதலியோர் அதில் இசை ஆக்கினர். சில ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்தது. இவ்விசையைக் காப்பது ஏட்டுச்சுவடியைக் காப்பதினும் கடிது. சுரக்குறிப்பு எழுதப்படவில்லை; கருவி பழுதுபட்டால் அதே ஒலி மீண்டும் எழாது; காந்தப் பூச்சு உதிர்ந்தால் நாடாவில் ஒன்றும் மிஞ்சாது. ஆரணித் தறிவீட்டிலும் இது கண்கூடு. வழக்கொழிந்த புட்டாவின் அட்டைக்கட்டு மச்சில் ஏறினால், சில ஆண்டில் அது எந்தச் சேலைக்குரியது என்பதைச் சொல்லுவார் இல்லை. சேலையும் அட்டையும் ஒருங்கே அழிந்த கோலங்கள் எத்தனையோ! அகமதாபாத்து நாடாக்களோ பிழைத்தன. நிறுவனத்தின் காப்பகத்தில் அரை நூற்றாண்டளவு கிடந்த அவற்றை இலண்டனிலிருந்து வந்த பால் பர்கஸ் என்னும் கலைஞர் கண்டெடுத்து, பழுது நீக்கி ஒலிக்கச் செய்தார். 2023-இல் அவற்றுட் சில தொகுப்பாய் வெளிவந்தன. கீதா சாராபாய் ஆக்கியதும் அதில் உண்டு.